கண்ணாடிப் பேழையும் அதனுள் நிற்கும் காற்றும்



பாட்டனார் காலத்து ஓலைச்சுவடி ஒன்று. வழிபாட்டிலிருந்து நீங்கிக் கருவூல அறையில் இருந்த சிறு செப்புத் திருமேனி ஒன்று. பழைய வெள்ளிக் கிண்ணம் ஒன்று. இவற்றை வருங்காலத்தார் கண்டு மகிழ வேண்டும் என்று எண்ணும் குடும்பமோ அறக்கட்டளையோ முதலில் செய்வது, தச்சரை அழைத்துக் கண்ணாடிப் பேழை ஒன்று செய்யச் சொல்வதுதான். பிளைவுட் அடித்தளம், சிவப்பு வெல்வெட் விரிப்பு, உள்ளே ஒரு மின்விளக்கு, வெளியே ஒரு பூட்டு. பொருள் இனிப் பாதுகாப்பாக இருக்கும் என்ற மனநிறைவோடு அனைவரும் இல்லம் திரும்புவர். சில ஆண்டுகள் கழித்துப் பேழையைத் திறந்தால், திருமேனியின் தோளிலும் பீடத்திலும் வெளிர்பச்சைத் தூள் பூத்திருக்கும், ஏட்டின் ஓரங்கள் முறிந்திருக்கும், வெள்ளி கறுத்திருக்கும். பூட்டை ஒருவரும் திறக்கவில்லை. பொருளை ஒருவரும் தொடவில்லை. ஆயினும் பொருள் கெட்டுவிட்டது. அன்போடு செய்த செயல் ஏன் இவ்வாறு முடிகிறது, முடியாமல் காப்பது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள்.

கண்ணாடி கையைத் தடுக்கும். தூசியைப் பெருமளவு தடுக்கும். காற்றை அது தடுப்பதில்லை. ஒரு பகுதிக் காற்றைப் பொருளோடு சேர்த்து அடைத்து வைக்கிறது. அவ்வாறு அடைபட்ட காற்றில் ஈரம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, வேறு எவ்வகை ஆவிகள் கலந்துள்ளன என்பவையே பொருளின் ஆயுளை முடிவு செய்கின்றன. அருங்காட்சியகங்களில் பேழைச் சூழல் கட்டுப்பாடு என்று வழங்கும் துறை இதனையே ஆராய்கிறது. அத்துறை வளர்ந்ததற்கு ஒரு பெரும் பிழையே காரணமாயிற்று.

முதல் உலகப்போரின் இறுதிக் கட்டமான 1918-ஆம் ஆண்டில், இலண்டன் மாநகர்மீது நிகழ்ந்த குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தார் தம் அரும்பொருட்களில் ஒரு பகுதியை, ஹோல்பர்ன் பகுதியில் தரைக்கடியில் அமைந்த அஞ்சல்துறைச் சுரங்க இருப்புப்பாதைக்குள் கொண்டுபோய் வைத்தனர். குண்டு ஒன்றும் அவற்றைத் தீண்டவில்லை. போர் முடிந்து பொருட்களை வெளியே எடுத்தபோது, இரும்பில் துரு ஏறியிருந்தது; வெண்கலத்தில் பச்சை படர்ந்திருந்தது; கல்லிலும் மட்பாண்டத்திலும் உப்புப் பூத்திருந்தது. சுரங்கத்தின் ஈரக்காற்று ஓசையின்றி வேலை செய்திருந்தது. இதனை ஆராய அழைக்கப்பட்ட வேதியியல் அறிஞர் அலெக்சாண்டர் ஸ்காட்டின் முயற்சியால் 1920-இல் அவ்வருங்காட்சியகத்தில் ஓர் ஆய்வுக்கூடம் தோன்றியது. அரும்பொருளைக் காப்பது காவலர் பணி மட்டுமன்று, வேதியியலார் பணியும் ஆகும் என்பது அன்று உணரப்பட்டது.

இரண்டாம் உலகப்போரில் அப்பாடம் மறக்கப்படவில்லை. இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்கள் 1941-இல் வேல்ஸ் நாட்டின் மானாட் மலையில் உள்ள கற்பலகைச் சுரங்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அச்சுரங்கமும் குளிர்ந்து ஈரம் கசியும் இடந்தான். ஆனால் இம்முறை உள்ளே செங்கல் அறைகள் எழுப்பி, காற்றை அளவாகச் சூடேற்றி, அந்நிலையை இரவும் பகலும் மாறாமல் காத்தனர். மரப்பலகைமேல் தீட்டிய பழைய ஓவியங்களில் வண்ணம் பெயர்ந்து உதிர்வதும், அதனைச் சீர்செய்வதும் இலண்டனில் ஓயாத வேலையாக இருந்தன. சுரங்கத்தில் அந்த உதிர்வு பெரும்பாலும் நின்றுபோயிற்று. ஈரத்தின் அளவு சரியாக இருத்தல் எவ்வளவு இன்றியமையாததோ, அது ஏறியிறங்காமல் இருத்தலும் அவ்வளவு இன்றியமையாதது என்பதை இந்நிகழ்ச்சி மெய்ப்பித்தது.

ஈரத்தின் அளவு என்பதைச் சற்று விளக்க வேண்டும். காற்று வெப்பமாக இருந்தால் நீராவியை மிகுதியாகக் கொள்ளும். குளிர்ந்தால் குறைவாகக் கொள்ளும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைக் கொள்ளவல்லது. 20 டிகிரியில் 17 கிராம் அளவே கொள்ளும். கொள்ளக்கூடிய அளவில் எத்தனை பங்கு நிறைந்துள்ளது என்பதைக் குறிப்பதே ஒப்பு ஈரப்பதம். 30 டிகிரி வெப்பமுள்ள காற்றில் 21 கிராம் நீராவி இருந்தால் அதன் ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காடு. அதே காற்று, ஒரு துளி நீரும் புதிதாகச் சேராமல், 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஈரப்பதம் ஏறத்தாழ 96 விழுக்காட்டை எட்டிவிடும். குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே நீர் அரும்புவதைக் காணாத இல்லம் இல்லை. பகலில் குளிர்சாதனத்தை இயக்கி இரவில் நிறுத்திவிடும் மண்டபங்களில், குளிர்ந்த பொருளின்மீது வெளியிலிருந்து புகும் வெம்மையான ஈரக்காற்று படும்போது நிகழ்வதும் அதுவே. ஒழுங்காக இயங்காத குளிர்சாதனத்தைவிட அஃது இல்லாதிருப்பது பல பொருட்களுக்கு நன்று.

இனி, செப்புத் திருமேனிகளுக்கு இவ்வீரம் என்ன செய்கிறது என்பதைக் காணலாம். மண்ணில் புதைந்து கிடந்த திருமேனிகளிலும், உவர்நீர் பட்ட திருமேனிகளிலும் குளோரைடு என்னும் உப்புக்கூறு உலோகத்தினுள் ஊறி, செம்போடு கூடிக் குப்ரஸ் குளோரைடாகத் தங்கியிருக்கும். காற்று வறண்டிருக்கும்வரை அஃது அடங்கியிருக்கும். ஒப்பு ஈரப்பதம் 42 முதல் 46 விழுக்காட்டைக் கடந்தால் அது விழித்துக்கொள்ளும். ஈரத்தோடும் உயிர்வளியோடும் கூடி வெளிர்பச்சைத் தூளாக வெளிப்படும். அவ்வேதிவினையில் பிறக்கும் அமிலம் மேலும் செம்பைத் தின்று, மீண்டும் அதே உப்பை உண்டாக்கும். ஒரு சுற்று முடிந்து மறு சுற்றுத் தொடங்குவதால், ஈரம் உள்ளவரை அஃது ஓய்வதில்லை. மிக முற்றினால் திருமேனியின் முகமும் கல்வெட்டெழுத்தும் பொடியாகிப் போகும். இதனை வெண்கல நோய் என்பர். பழந்திருமேனிகளின்மேல் நெடுங்காலமாகப் படிந்து, வழவழப்பாகவும் அடர்ந்த நிறமாகவும் உள்ள பாசிபோன்ற படலம் வேறு. அஃது உலோகத்துக்குக் காப்பாகவே நிற்பது. தொட்டால் விரலில் ஒட்டும் வெளிர்பச்சைத் தூளே நோயின் அடையாளம்.

இந்நோயை எதிர்த்த பெருமுயற்சி ஒன்று சென்னையிலேயே நடந்தது. 1851-இல் தோன்றிய சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உலகப் புகழ்பெற்ற செப்புத் திருமேனித் தொகுதி உண்டு. சமணக் கற்சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் அங்குள்ளன. கடற்கரை நகரமாகிய சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கும். திருமேனிகளில் பச்சைத் தூள் படர்வதைக் கண்டு, எஃப்.எச். கிரேவ்லி கண்காணிப்பாளராக இருந்த காலத்தில், 1930-இல் அங்கே வேதியியல் காப்புக்கூடம் அமைக்கப்பட்டது. டாக்டர் எஸ். பரமசிவன் அதன் பொறுப்பை ஏற்றார். சித்தன்னவாசல் குடைவரை ஓவியங்களின் தீட்டுமுறையைப் பின்னாளில் ஆராய்ந்த அறிஞரும் அவரே. திருமேனியைக் காரக் கரைசலில் மூழ்கவைத்து, மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, உலோகத்துள் ஊறிய குளோரைடை வெளியே இழுக்கும் மின்பகுப்பு முறை அங்கே கையாளப்பட்டது. தடித்த களிம்புக்குள் மறைந்திருந்த அணிகலன்களும் விரல்நுனிகளும் அம்முறையால் மீண்டும் வெளிப்பட்டன.

ஆயினும் மருத்துவம் முடிந்த திருமேனியை மீண்டும் ஈரக்காற்றில் நிறுத்தினால், எஞ்சிய சிறு உப்பும் நோயைத் திரும்ப எழுப்பும். ஆகவே ஆய்வுக்கூடத்தின் வேலை பாதி. மறுபாதி பேழையின் வேலை. அதனால்தான் நோயுற்ற வெண்கலத்துக்கு ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே, இயன்றால் 35 அளவில், மாறாது நிற்கும் பேழை வேண்டும் என்று வல்லுநர் வற்புறுத்துகின்றனர்.

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டை அவையோர் கூர்ந்து நோக்க வேண்டும். வெண்கலத்துக்கு நலம் தரும் அவ்வறட்சி ஓலைச்சுவடிக்குக் கேடு. பனையோலை ஒரு காலத்தில் உயிருள்ள இலையாக இருந்தது. அதன் நார்களில் ஓரளவு ஈரம் தங்கியிருந்தால்தான் அது வளையும். 35 விழுக்காட்டு வறட்சியில் ஏடு முறுகிப் பிளக்கும். கயிற்றுத் துளையைச் சுற்றி விரிசல் விடும். ஏட்டைப் புரட்டினால் எழுத்தோடு ஒடியும். மறுபுறம், 65 விழுக்காட்டைத் தாண்டி ஈரம் நிலைத்தால் பூஞ்சணம் தலைகாட்டும். ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஏட்டுக்கு ஏற்றது 50 முதல் 55 விழுக்காடு. ஆகவே திருமேனியையும் சுவடியையும் ஒரே பேழையில் அருகருகே வைத்தால், எந்த அளவைத் தேர்ந்தாலும் இரண்டில் ஒன்று கெடுவது உறுதி. காட்சிக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக இவ்விரண்டையும் ஒன்றாக வைப்பதே பெரும்பாலும் நிகழும் பிழை.

சுவடி ஒன்று அழிந்தால் போவது ஓலை மட்டுமன்று. மூடபித்ரியில் காக்கப்பட்ட ஓலைச்சுவடிகள் இல்லாவிடில் தவள நூல்கள் இன்று உலகுக்குக் கிட்டியிரா. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, கும்பகோணத்துச் சமணப் பெரியோரின் விளக்கங்கள் அவருக்குத் துணைநின்றன. ஏட்டையும் அதன் பொருளையும் வழிவழியாகக் காத்த இல்லங்கள் இருந்தமையால்தான் அந்நூல் முழுமையாக வெளிப்பட்டது.

பேழையின் ஈரத்தைப் பற்றி இதுவரை கூறப்பட்டது. பேழையே பகையாவதும் உண்டு. 1899-இல் பைன் என்னும் ஆங்கிலேயர், மரப்பேழைகளில் அடுக்கி வைத்த சங்கு, சிப்பித் தொகுதிகளின்மேல் வெண்பொடி பூத்து அவை கரைந்து வருவதை விவரித்தார். அதனைக் கிருமியின் வேலை என்றே அவர் கருதினார். உண்மையில் அதனைச் செய்தது பேழையின் மரம். மரத்திலிருந்து அசிட்டிக் அமில ஆவி மெல்ல மெல்ல வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். வினிகரில் உள்ள அமிலமும் அதுவே. சிப்பியின் சுண்ணத்தை அஃது அரித்துவிட்டது. ஓக் மரம் இதில் முதன்மையானது. எனினும் எம்மரமும் முற்றிலும் நீங்கலன்று. பிளைவுட்டும் துகட்பலகையும் மரத்தின் ஆவியோடு, ஒட்டுப்பசையின் ஆவியையும் சேர்த்து வெளியிடும். ஈயம் இவ்வாவிகளுக்கு மிக எளிதில் இரையாகும். செம்பும் வெண்கலமும் தப்புவதில்லை. கம்பளித் துணியிலும் கந்தகம் ஊட்டிய ரப்பரிலும் இருந்து வெளிவரும் கந்தக ஆவி வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஆடி 1973-இல் இவ்வாபத்தை எடுத்துக்காட்டி, எளிய சோதனை ஒன்றை வகுத்தார். பேழைக்குப் பயன்படுத்தவுள்ள துணியையோ பலகையையோ பசையையோ சிறிதளவு எடுத்து, வெள்ளி, செம்பு, ஈயம் ஆகியவற்றின் சிறு தகடுகளோடும் சிறிது நீரோடும் ஒரு கண்ணாடிக் குடுவையில் இட்டு இறுக மூடி, 60 டிகிரி வெப்பத்தில் 28 நாட்கள் வைப்பது அச்சோதனை. தகடு மங்கினால் அப்பொருள் பேழைக்குள் நுழையத் தகுதியற்றது. அவர் பெயராலேயே வழங்கும் இச்சோதனையை உலகெங்கும் அருங்காட்சியகங்கள் கையாள்கின்றன. இதில் அடங்கிய உண்மை ஒன்று கருதத்தக்கது. தீய ஆவியை வெளியிடும் பொருள் உள்ளே இருக்குமானால், பேழையை எவ்வளவு இறுக மூடுகிறோமோ அவ்வளவு மிகுதியாக அவ்வாவி உள்ளே செறியும். ஆகவே முதலில் தூய பொருட்களால் பேழை செய்து, பின்னரே அதனை இறுக்கமாக்க வேண்டும்.

மூன்றாம் பகை விளக்கு. பேழைக்குள் பொருத்திய விளக்கு எரியும்போது உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிகிறது. 10 டிகிரி வெப்பம் ஏறினால் காற்றின் பருமன் ஏறத்தாழ 3 விழுக்காடு பெருகும். பெருகிய காற்று இடுக்குகளின் வழியே வெளியேறும். இரவில் விளக்கை அணைத்ததும் உள்ளே காற்று சுருங்கி, மண்டபத்தின் ஈரத்தையும் தூசியையும் உள்ளிழுக்கும். விளக்கு ஏற்றி அணைக்கும் ஒவ்வொரு நாளும் பேழை இவ்வாறு மூச்சுவிடுகிறது. வெளிச்சம் செய்யும் கேடு இதனினும் வேறானது. ஓலை, தாள், துணி ஆகியவற்றின்மீது விழும் ஒளியின் விளைவு அழிவதில்லை, நாள்தோறும் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் இவற்றுக்கு 50 லக்ஸ் அளவைக் கடவாத மங்கிய ஒளியே தகும் என்பர். உலோகத்தையும் கல்லையும் ஒளி வருத்தாது. அவற்றுக்கும் விளக்கின் சூடு தீமையே. விளக்கைப் பேழைக்கு வெளியே வைப்பதும், காண்போர் வரும்போது மட்டும் ஏற்றுவதும் இதற்கு வழி.

இப்பகைகளை வெல்ல அருங்காட்சியகங்கள் கையாளும் முறைகள் மூன்று வகைப்படும். முதலாவது, இயந்திரம் ஏதுமின்றிச் சிலிக்கா ஜெல் என்னும் மணிகளால் ஈரத்தைக் காப்பது. பொருள் நிற்கும் தளத்துக்கு அடியில் தனி இழுப்பறை ஒன்று அமைத்து, அதில் இம்மணிகளைப் பரப்பி, தளத்தின் ஓரங்களில் காற்றுச் செல்லத் துளைகள் விடுவர். ஈரம் மிகுந்தால் மணிகள் உறிஞ்சும், குறைந்தால் வெளிவிடும். வேண்டிய ஈரப்பதத்துக்கு அவற்றை முன்னரே பழக்கி வைக்கலாம். இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் அறிவியலாளர் காரி தாம்சன் 1970-களில் கணக்கிட்டுக் கூறிய அளவு, ஒரு கனமீட்டர் பேழைக்கு 20 கிலோ. 60 சென்டிமீட்டர் நீளமும் 40 அகலமும் 50 உயரமும் உள்ள சிறு பேழைக்கே 2 கிலோ 400 கிராம் வேண்டும். மருந்துப்புட்டியிலும் காலணிப் பெட்டியிலும் கிடைக்கும் சிறு பொட்டலங்களை இட்டுவிட்டு அமைதியடைவது வீண் என்பது இதனால் விளங்கும். பேழையும் இறுக்கமாக இருத்தல் வேண்டும். நன்கு செய்த பேழையில் நாளொன்றுக்கு உள்ளிருக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்கே வெளிக்காற்றோடு மாறும். இடுக்கு மிகுந்த பேழையில் எத்தனை கிலோ இட்டாலும் மண்டபத்தின் ஈரத்தையே அது உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, ஈரமும் வெப்பமும் சீராக்கிய காற்றைச் சிறு இயந்திரத்தால் பேழைக்குள் மெல்லச் செலுத்துவது. பல பேழைகள் உள்ள பெருங்கூடங்களுக்கு இஃது ஏற்றது; ஆனால் மின்சாரம் தடைப்பட்டாலோ இயந்திரம் பழுதானாலோ பேழைக்குள் நிலைமை விரைவில் மாறிவிடும்.

மூன்றாவது, உயிர்வளியையே நீக்கி மந்த வாயுவை நிரப்புவது. இதற்குத் தலைசிறந்த சான்று புதுதில்லியில் உள்ளது. பிரேம் பிகாரி நாராயண் ராய்ஜாதா கையால் எழுதி, நந்தலால் போசும் சாந்திநிகேதன் ஓவியரும் அணிசெய்த இந்திய அரசியலமைப்பின் மூலப்படி நாடாளுமன்ற நூலகத்தின் உடைமை. அதன் பக்கங்களுள் ஒன்றை மகாவீரரின் திருவுருவ ஓவியம் அணிசெய்கிறது. இந்திய தேசிய இயற்பியல் ஆய்வகமும் அமெரிக்காவின் கெட்டி காப்பு நிறுவனமும் கூடி, காற்றுப் புகாத, நைட்ரஜன் நிரப்பிய பேழைகளை 1990-களில் அதற்காக அமைத்தன. கெய்ரோ அருங்காட்சியகத்தில் உள்ள எகிப்திய அரசர்களின் பாடம் செய்த உடல்களுக்காக முன்னர் உருவாக்கிய அமைப்பின் வழிவந்தவை அப்பேழைகள். நைட்ரஜன் சூழ்ந்த இடத்தில் தாள் பழுப்பதும் மை வெளிறுவதும் பெரிதும் தளர்கின்றன. பூச்சி வாழ இயலாது. ஆனால் வறண்ட வாயு தாளை முறியச் செய்யுமாதலால், அளவான ஈரம் ஊட்டியே அதனை நிரப்புவது முறை. அங்கும் கண்ணுக்குப் புலப்படாத அந்த ஈரப்பதமே முதற்கவலை.

பூச்சியைப் பற்றிய பேச்சு எழும்போது இவ்வவைக்கு உரிய ஒரு செய்தியைச் சொல்லாமல் விட இயலாது. செல்லும் வெள்ளிப்பூச்சியும் ஏட்டை அரிக்கத் தொடங்கிய பின் அவற்றை நீக்க நச்சுப்புகை இடுவது பலர் கையாளும் வழி. உயிர்க்கொலையை விலக்கி வாழும் இல்லங்களுக்கு அஃது உவப்பான வழியன்று. சுவடியைக் கையாளுவோர் உடலுக்கும் அந்நஞ்சு தீங்கே. ஈரம் அளவோடு நின்று, தூசி படியாமல், இடுக்கின்றி மூடிய தூய பேழையைப் பூச்சிகள் நாடுவதில்லை. கொல்ல நேரும் நிலை வாராமலே காப்பதற்கு இச்சூழல் கட்டுப்பாடே ஏற்ற துணை. அறிவியலும் அறமும் இங்கே ஒரே வழியைக் காட்டுகின்றன.

பெருஞ்செலவில் செய்யும் பேழைகளைப் பற்றிக் கேட்டுச் சிற்றூர் ஜினாலயத்தாரும் குடும்பத்தாரும் மலைக்க வேண்டியதில்லை. அவர்களால் இயன்றவை பல உள.

ஈரப்பதமானி ஒன்று வாங்குவது முதற்படி. அதன் மெய்ம்மையை இல்லத்திலேயே சோதிக்கலாம். சிறு கிண்ணத்தில் சமையல் உப்பை இட்டு, அது கூழ்போல் நனையும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, கருவி உப்பில் படாதவாறு இரண்டையும் மூடிய டப்பாவுக்குள் ஒரு நாள் வைத்தால், கருவி 75 விழுக்காடு காட்ட வேண்டும். எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறதோ, அவ்வளவைக் குறித்துக்கொண்டு பின்னர்த் திருத்திப் படித்தல் போதும்.

புதிய பேழை செய்ய நேர்ந்தால், கண்ணாடி, எவர்சில்வர், அலுமினியம், அக்ரிலிக் தகடு ஆகியவற்றால் செய்யலாம். பிளைவுட், சாயம் ஏறிய வெல்வெட், கம்பளி, புதிய வண்ணப்பூச்சு, வினிகர் நெடி வீசும் சிலிக்கோன் அடைப்புப்பசை ஆகியவற்றைத் தவிர்த்து, சாயமேற்றாத பருத்தித் துணியை நன்கு அலசி உலர்த்தி விரிக்கலாம். பேழையைத் திறந்ததும் ஏதேனும் நெடி வீசுமானால், அதில் பொருளை வைக்கலாகாது. வெயில் படும் இடமும் வெளிச்சுவரை ஒட்டிய இடமும் பேழைக்கு ஆகா.

திருமேனிகளைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவதை விட்டுவிட வேண்டும். அது காப்பான படலத்தையும் நுண்ணிய செதுக்கையும் ஒருசேர அழிக்கும். வெறுங்கையால் எடுப்பின் வியர்வையின் உப்பு உலோகத்தில் தங்கும். உலர்ந்த பருத்திக் கையுறை இதற்குப் போதும். அபிடேகத்தில் உள்ள திருமேனிகளை நல்ல நீரால் அலசி, மடிப்புகளில் ஈரம் தங்காதவாறு ஒற்றித் துடைப்பது நன்று. வெளிர்பச்சைத் தூள் கண்ணில் பட்டால், தாமே மருந்திடாமல், அத்திருமேனியைப் பிறவற்றினின்றும் பிரித்து, மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் உலர்ந்த சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, அரசு அருங்காட்சியகத்தின் காப்பு வல்லுநரை நாடுதல் வேண்டும்.

சுவடிகளைப் பொறுத்தவரை முன்னோர் வகுத்த முறையே பெரிதும் அறிவியலோடு பொருந்துகிறது. இரு பலகைகளுக்கிடையே அடுக்கி, கயிற்றால் கட்டி, பருத்தித் துணியில் பொதிந்து, மரப்பெட்டியில் வைக்கும்போது, துணியும் பலகையும் பெட்டியும் ஈரத்தை ஏற்றும் விட்டும், மழைக்கும் கோடைக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வை ஏட்டுக்கு எட்டாமல் தணிக்கின்றன. சிலிக்கா ஜெல் செய்யும் தணிப்பு வேலையை அவை தாமே செய்கின்றன. உலோகத்துக்கு ஆகாத மரப்பெட்டி ஏட்டுக்கு நெடுங்காலத் துணையாக இருந்தது இதனால்தான். சுருதபஞ்சமி நாளில் ஏடுகளை வெளியே எடுத்துத் தூசி தட்டி, துணி மாற்றிப் போற்றும் மரபும், ஆண்டுக்கொருமுறை நிலையாய்வு செய்யும் அருங்காட்சியக நெறியும் ஒன்றே. அந்நாளில் ஒவ்வோர் ஏட்டின் நிலையையும் குறித்து, நிழற்படமும் எடுத்து வைத்தால், அடுத்த ஆண்டு நேர்ந்த மாற்றம் உடனே புலப்படும். அப்படங்களையே விழாக் காட்சியிலும் வைக்கலாம். மூல ஏடு தன் பெட்டியில் இருக்கட்டும்.

இறுதியாக ஒன்று. இன்று ஒரு குடும்பத்தின் கையில் உள்ள சுவடியோ திருமேனியோ, அஃது இருக்கும் இடத்திலேயே பல தலைமுறைகளைக் கடந்து வந்துள்ளது. அவ்விடத்துக் காற்றோடு அது பழகிவிட்டது. நன்மை கருதி அதனைப் புதிய பேழைக்கு மாற்றும் நாளே அதற்குப் பெரிய சோதனை நாள். ஆகவே காட்சி அமைக்க விரும்புவோர் தச்சரை அழைக்கும் முன்னர், ஈரப்பதமானியை அப்பொருள் இப்போது உள்ள இடத்தில் ஓராண்டுக் காலம் வைத்து, கார்த்திகை மழையிலும் சித்திரைக் கோடையிலும் அது காட்டும் எண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதிவரட்டும். புதிய பேழை அதனினும் நல்ல காற்றைத் தரும் என்று உறுதியான பின்னரே பொருள் இடம் பெயரட்டும்.